மாடின்னா எந்த மாடி?

என் வீட்டுக்காரருக்கு வேர்க்காது. சொன்னா, "கொடுத்து வெச்ச மனுஷன், சட்டை கூட கசங்காது"ன்னு சிரிப்பாங்க. சிரிக்கிற வாயில ஒண்ணு போடலாம்னு எனக்கு வரும். வேர்க்கலன்னா உடம்புச் சூடு வெளிய போக வழி கிடையாது, உள்ளயே வேகும். அவ்ளோதான் விஷயம்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டி அடுக்குமாடி கட்டுறாங்கன்னு சென்ட்ரிங் வேலைக்குப் போனாரு. சித்திரை வெயில்ல மேல நின்னு கம்பி கட்டிட்டு இருக்கும்போது சுருண்டு விழுந்தாரு. கூட வேலை செஞ்ச சஞ்சயும் விழுந்தான். சஞ்சய் எந்திரிக்கவே இல்லை. இவரு எந்திரிச்சாரு, ஆனா உடம்பு வேர்க்கிறதையே மறந்துடுச்சு. "நிழலா, குளிர்ச்சியா ஒரு இடத்துல வெச்சுக்கோங்கம்மா, இதுக்கு வேற மருந்து கிடையாது"ன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

நிழலாம், குளிர்ச்சியாம். நாங்க இருக்கிறதே மொட்டை மாடி ரூம்ல.

பழங்குளம் மெட்ரோ ஸ்டேஷன் பின்னாடி பட்டாளத்தார் தெருன்னு ஒண்ணு இருக்கு. கீழ்வீட்டுல ஓனர் இருப்பாங்க. மேல மொட்டை மாடியில ஷீட்டு போட்ட ஒத்த ரூம், அதுல எங்களை மாதிரி வாடகைக்கு ஒரு குடும்பம். தெரு முழுக்க இதே கதைதான். எங்களுக்குப் பேரே மாடிக்காரங்க. காய்கறி வண்டிக்காரன் கூட கீழ நின்னு, "மாடி! வெண்டைக்காய் வந்திருக்கு"ன்னுதான் கத்துவான். ரித்திகான்னு எனக்கு அழகா ஒரு பேரு இருக்கிறது என் புருஷன் லோகேஷைத் தவிர ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

பகல்ல மாடிக்குக் கரண்டு ரேஷன். ஃபேன் சுத்தும், அனலை அள்ளி மூஞ்சியில அடிக்கும். அதனால நான் ஒரு வழி பண்ணேன். ஒரு மாசப் பாஸ் எடுத்து, தினம் காலையில அவரைக் கூட்டிட்டுப் போய், தரைக்கு அடியில இருக்கிற பிளாட்பாரத்து பெஞ்சுல உக்கார வெச்சுடுவேன். அங்க சில்லுன்னு இருக்கும். நானும் ஸ்டேஷனுக்குள்ளயே டிபன் கடையில போண்டா போடுறேன். சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் ரெண்டு பேரும் வீட்டுக்கு வருவோம். ரயில் வந்து வந்து போவுது, ஏறாம ஒரு ஆள் உக்காந்தே இருக்காரேன்னு செக்யூரிட்டி முதல்ல விரட்டுனான். நான் போய்ப் போட்ட சத்தத்துல ஸ்டேஷனே திரும்பிப் பார்த்துச்சு. அப்புறம் அவனே தண்ணி கொண்டுவந்து குடுக்க ஆரம்பிச்சுட்டான்.

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது. கோடையில இங்க வெயில் ஊரடங்கு. பகல்ல சங்கு ஊதிட்டா ரோட்டுல ஆள் நடக்கக் கூடாது, பஸ்ஸும் ஓடாது. பூமிக்கு அடியில ஓடுற ரயில் மட்டும் ஓடும். ஸ்டேஷனை எட்டிப் புடிக்கிற தூரத்துல வீடு இருந்தா பொழைச்சுக்கலாம். எட்டாத தூரத்துல இருந்தா, அவங்க அவங்க தலையெழுத்து.

இப்படி இருக்கும்போதுதான் போன தை மாசம், புகைக்குக் கணக்கு வைக்கிற கரி வாரியத்துல இருந்து நவநீதன்னு ஒரு அதிகாரி வந்தாரு. ரேஷன் கடை வாசல்ல நாற்காலி போட்டுத் தெருவையே கூட்டுனாரு. ஒல்லியா, பாவமா, சாப்பிட்டு ரெண்டு நாள் ஆன மாதிரி ஒரு முகம்.

"சிமெண்ட் செய்யணும்னாலும் புகை, சோலார் பேனலும் பேட்டரியும் செய்யணும்னாலும் புகை," அப்படின்னு ஆரம்பிச்சாரு. "அதனால ஒவ்வொரு ஸ்டேஷன் வட்டாரத்துக்கும் இவ்ளோ புகைதான்னு ஒரு பங்கு வெச்சிருக்காங்க."

"கரி ரேஷன்னு சொல்லுங்க," அப்படின்னா எதிர் மாடி தீபிகா.

"அப்படியே வெச்சுக்கோங்க. உங்க தெருப் பங்குல ரெண்டுல ஒண்ணுதான் முடியும். இந்த வீடுகளை எல்லாம் எடுத்துட்டு ஸ்டேஷனை ஒட்டி அடுக்குமாடி கட்டலாம். இல்லன்னா வீடு இப்படியே இருக்கட்டும், எல்லா மொட்டை மாடியிலயும் பேனல் போட்டுடலாம். ரெண்டும் சேர்த்து முடியாது. ஒரு தடவை முடிவு பண்ணிட்டா இருபத்தஞ்சு வருஷத்துக்கு மாத்த முடியாது."

எங்க கீழ்வீட்டு ஓனர் ஹேமலதாம்மா உடனே எந்திரிச்சாங்க. பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, தனிக்கட்டை. இந்தத் தெருவுல முதல் முதல்ல பால்கனியில பேனல் மாட்டுனதே அவங்கதான். "ஏன் சார், இருக்கிற வீட்டை இடிச்சு, மறுபடி மலை மாதிரி சிமெண்டைக் கொட்டி ஒண்ணு கட்டுவீங்க. அதுக்குப் பேரு ஊரைக் காப்பாத்துறதா? கூரையில வெயில் சும்மா கொட்டுது. அதை எடுத்துக் கரண்டு ஆக்குங்கன்னுதானே நாங்க சொல்றோம்?"

"மேடம், நீங்க சொல்றது தப்பில்லை," அப்படின்னாரு நவநீதன். "ஆனா இந்தத் தெருவுல இருக்கிறது நாப்பது குடும்பம். அடுக்குமாடி வந்தா இதே இடத்துல நானூறு குடும்பம் ரயிலை ஒட்டி இருக்கலாம். அவங்க வண்டி எடுக்க வேணாம், வெயில்ல நடக்க வேணாம். ஒரு தடவை கொட்டுற சிமெண்டு, காலத்துக்கும் பெட்ரோலையும் உயிரையும் மிச்சம் பண்ணும்."

"நானூறு குடும்பத்துக்கும் லிஃப்டு ஓடணுமே, அந்தக் கரண்டு எங்க இருந்து வரும்? உங்க தாத்தா வீட்டுல இருந்தா?"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. நான் எந்திரிச்சு, "சார், பேனல் போட்டா நாங்க இருக்கிற ரூமு என்ன ஆகும்?"னு கேட்டேன்.

அவரு கொஞ்சம் தயங்குனாரு. "பேனல் மேல நிழல் விழக் கூடாதும்மா. ரூமை எடுத்துடணும். உங்களுக்குச் செங்காட்டுல மாற்று வீடு கொடுப்பாங்க."

செங்காடு எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸே பெரிய மனசு பண்ணித்தான் அங்க போகும். ரயில் அங்க வரப் போகுதுன்னு காகிதத்துல கூட கோடு போடலை.

"சரி, அடுக்குமாடி வந்தா?"

"மாடியில குடியிருக்கிறவங்களுக்குத்தான் முதல் உரிமை. கட்டி முடிக்கிற வரைக்கும் இதோ, பக்கத்துல பழைய பஸ் டிப்போவுல தங்க இடம். அப்புறம் அடுக்குமாடியில இருந்து நேரா பிளாட்பாரத்துக்குச் சுரங்கப் பாதை."

வெயிலே படாம வீட்டுல இருந்து பெஞ்சுக்கு. எனக்கு அன்னிக்கு அழுகை வந்துடுச்சு. லோகேஷ் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு. சந்தோஷம் தாங்கலன்னு நான் நினைச்சேன். புத்தி கெட்ட ஜென்மம் நான்.

அதுக்கப்புறம் தெரு ரெண்டாப் போச்சு. ஓனருங்க ஒவ்வொரு கேட்டுலயும் 'நம் மாடி நமக்கே'ன்னு எழுதி ஒட்டுனாங்க. அவங்க சொன்ன மாடி, மொட்டை மாடி. நாங்க குழாயடியில, "மாடி வந்துட்டா விடிஞ்சுடும்டி"ன்னு பேசிக்கிட்டோம். நாங்க சொன்ன மாடி, அடுக்குமாடி. யாரு முழுசா அடுக்குமாடி, அடுக்குமாடின்னு வாய் வலிக்கச் சொல்லிட்டு இருப்பா?

இத்தனைக்கும் ஹேமலதாம்மாவுக்கும் எனக்கும் பேச்சு நிக்கலை. ஒரு நாள் படிக்கட்டுல நிறுத்தி, ஒரு டப்பா நிறைய ஐஸ் குடுத்தாங்க. "ராத்திரி லோகேஷ் கழுத்துல வை. என் மேல உனக்குக் கோபம்னு தெரியும்."

"கோபம் எல்லாம் இல்லம்மா. வயித்தெரிச்சல்."

"எங்க அப்பா கட்டுன வீடுடி இது. இதை விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?"

அடுக்குமாடி வந்தா அவங்களுக்கு வீடு போகும், பேனல் வந்தா எனக்குப் புருஷன் போவாரு. ஐஸை வாங்கிக்கிட்டு மேல ஏறிட்டேன்.

ஓட்டுப் பெட்டி எல்லாம் கிடையாது. செவின்னு ஒரு மெஷினு, அதுவே ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணும். முன்னாடி எல்லாம் அதிகாரிங்களே பதிலை வாயில ஊட்டி விட்டுக் கேள்வி கேக்குறாங்கன்னு கோர்ட்டு வரைக்கும் போச்சாம். அதனால இது எந்தப் பதிலையும் எடுத்துக் குடுக்காது. நாம பேசுற பேச்சுலயே நாம சொல்லணும், அது புரிஞ்சுக்கும். அதுல கவர்மெண்டுக்கு அவ்ளோ பெருமை.

எனக்குக் கடையில வேலையா இருக்கும்போது வந்துச்சு. பொண்ணு குரலு, தேனா ஒழுகுது. "வணக்கம், நான் செவி. உங்க தெருவுக்கு என்ன வேணும்? உங்க வார்த்தையிலயே சொல்லுங்க." நான் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வெச்சுட்டு, மனசுல இருந்ததை எல்லாம் கொட்டுனேன். தேங்க்ஸ்னு சொல்லி வெச்சுடுச்சு. பரவாயில்லையே, மனுஷங்களை விட மரியாதையா கேக்குதேன்னு நினைச்சேன்.

பங்குனியில முடிவு வந்துச்சு. பேனல்.

அதுவும் எப்படி? எங்க தெருவுல ஓனருங்களை விட மாடிக்காரங்கதான் தலை எண்ணிக்கையில ஜாஸ்தி. ஒவ்வொரு ரூம்லயும் மூணு பேர், நாலு பேர். நாங்கதான் ஜெயிச்சிருக்கணும். அன்னிக்குக் குழாயடியில நடந்ததை வாயால சொல்ல முடியாது. எவ மாத்திச் சொன்னா, எவ ஓனர்கிட்ட கை நீட்டுனான்னு ஒருத்தி குடுமியை ஒருத்தி புடிக்காத குறை. தீபிகா தன் பையன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணா. நானும் பண்ணேன். எல்லாருமே பண்ணாங்க.

லோகேஷ் மட்டும் ரெண்டு நாளா சாப்பிடலை. "நீங்க இத்தனை பேரு சொல்லியும் எப்படித் தோத்துச்சு?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் என்னத்தைக் கண்டேன்?

மூணாம் நாள் ஹேமலதாம்மா மேல ஏறி வந்தாங்க. முட்டி வலியோட அவங்க மாடி ஏறி நான் பார்த்ததே இல்லை. கையில போனு. வாரியம் அனுப்புன அறிவிப்பைப் போட்டுக் காமிச்சாங்க. 'மாடியில் குடியிருப்போரும் தங்கள் மாடியைக் காக்கவே விரும்பினர்'னு அதுல வந்துச்சு.

"ரித்திகா, நீ செவிகிட்ட என்ன சொன்ன? அப்படியே சொல்லு."

"மாடி வேணும்னு சொன்னேன்."

"எந்த மாடின்னு சொன்னியா?"

ஓடிப் போய் கைப்பிடிச் சுவர்ல சாஞ்சு தீபிகாவைக் கூப்பிட்டேன். நீ என்னடி சொன்னன்னா, "மாடின்னுதான்." அடுத்த மாடி, அதுக்கு அடுத்த மாடி, எல்லாரும் மாடி, மாடி, மாடி. பேரே மாடின்னு வெச்சுக்கிட்ட ஜனம் வேற என்னத்தைச் சொல்லும்?

"உங்களுக்கு நல்லதுதானேம்மா, ஏன் வந்து சொல்றீங்க?"ன்னேன்.

அவங்களுக்குக் கோபம் வந்துடுச்சு. "ஏன்னு எல்லாம் கேக்காத. செருப்பைப் போடு. என் மனசு மாறுறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்."

லோகேஷை பெஞ்சுல விட்டுட்டு, விஷயத்தைச் சொன்னேன். மெஷினுக்கு மாடின்னா எந்த மாடின்னு புரியலையாம், கேட்டுட்டு வரோம்னு. அவரு முகத்துல அன்னிக்குத்தான் உயிரே வந்துச்சு. "அப்ப சரி பண்ணிடுவாங்கல்ல?"ன்னாரு. பண்ணாம விட்டுடுவேனான்னு சொல்லிட்டு ரயில் ஏறுனோம்.

வாரிய ஆபீஸ்ல நவநீதன் சார் எங்களை ஞாபகம் வெச்சிருந்தாரு. ஹேமலதாம்மா உக்காரக் கூட இல்லை. "சார், இவங்க எல்லாரும் கேட்டது அடுக்குமாடி. உங்க மெஷின் அதை மொட்டை மாடின்னு எழுதிக்கிச்சு. நான் பேனல் வேணும்னு சொன்னவ, நானே சாட்சி சொல்றேன்."

அவரு நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டாரு. "ஐயோ. இப்படி ஆகியிருக்குமோன்னு எனக்கும் ஒரு உறுத்தல் இருந்துதும்மா. சந்தேகம் இருந்தா மறுபடி கேக்கலாம்னு விதி இருக்கு. ஆனா மத்தவங்க குரலை நான் உங்களுக்குப் போட முடியாது. உங்க வீட்டுக் குரலை மட்டும் கேக்கலாம்."

"போடுங்க சார். என்னுதையே போடுங்க."

என் குரலு. பின்னாடி எண்ணெய் காயிற சத்தம் கூட கேட்டுச்சு. 'எங்களுக்கு மாடிதாம்மா வேணும். மாடி இல்லன்னா எங்க வீட்டுக்காரரு செத்துடுவாரு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எங்க கிட்ட இருந்து மாடியை மட்டும் எடுத்துடாதீங்க.'

எனக்கு அப்படியே தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. நானே கேட்டாலும் மொட்டை மாடிக்குக் கெஞ்சுற மாதிரிதான் இருக்கு. பாவி மவளே, அடுக்குன்னு நாலு எழுத்து முன்னாடி சேர்த்தா வாயில இருந்த முத்தா உதிர்ந்துடும்?

"பார்த்தீங்களா சார்," அப்படின்னாங்க ஹேமலதாம்மா. "ரெண்டு மாதிரியும் அர்த்தம் பண்ணலாம். இதுல எதை வெச்சு அது முடிவு பண்ணுச்சு?"

நவநீதன் சார் கம்ப்யூட்டர்ல எதையோ தேடுனாரு. "செவிக்கும் இதுல சந்தேகம் வந்திருக்கு மேடம். ஓனருங்க மாடின்னா மொட்டை மாடி, அது அதுக்குத் தெளிவாத் தெரியும். வாடகைக்கு இருக்கிறவங்க பேச்சுல அது வேறயா இருக்கலாமேன்னு யோசிச்சிருக்கு. தெருவுக்குத் தெரு வார்த்தைக்கு அர்த்தம் மாறும் இல்லையா? அந்த மாதிரி நேரத்துல, அதே வாடகைக்காரங்கள்லயே யாராவது தெளிவாச் சொல்லியிருக்காங்களான்னு தேடும். ஒருத்தர் உடைச்சுச் சொல்லிட்டா, மத்தவங்க சொன்ன வார்த்தைக்கும் அதே அர்த்தம்னு எடுத்துக்கும்."

"அப்படி யாரு சொன்னா?"ன்னு நான் கேட்டேன். மனசுக்குள்ள தெருவுல இருக்கிற ஒவ்வொருத்தி மூஞ்சியா வந்துச்சு. எவளா இருந்தாலும் இன்னிக்கு அவ தொலைஞ்சா.

அவரு திரையைப் பார்த்தாரு. அப்புறம் என்னைப் பார்த்தாரு. அப்புறம் ஹேமலதாம்மாவை. "இது… உங்க வீட்டுக் குரல்தாம்மா. நீங்க கேக்கலாம்," அப்படின்னாரு.

லோகேஷ் குரலு. பின்னாடி ரயில் போற சத்தம்.

'மொட்டை மாடியில பேனல் போட்டுடுங்கம்மா. அடுக்கு வேணாம். நான் அடுக்கு கட்டுனவன். அது எழும்ப மூணு கோடை ஆகும். சங்கு ஊதுனாலும் ஊதலைன்னாலும் மேல நிக்க வெப்பாங்க. மூணு கோடைக்கு எத்தனை பேர் விழுவாங்கன்னு எனக்குத் தெரியும். வேணாம்மா.'

'வேற ஏதாவது சொல்லணுமா?'ன்னு செவி கேட்டுச்சு.

'இல்லம்மா. வீட்டுல சொல்லிடாதீங்க.'

தெளிவா, திக்காம, மொட்டை மாடின்னு முழுசா சொல்லியிருக்காரு. தெருவுலயே ஒழுங்காத் தமிழ் பேசுன ஒரே ஆளு என் புருஷன்தான்.

"அவரே வந்து மாத்திச் சொன்னா?"ன்னு கேட்டேன்.

"முடிவு தெரிஞ்சதுக்கப்புறம் மாத்திச் சொன்னா செல்லாதும்மா. சந்தேகம் இருந்தாத்தான் மறுபடி கேக்க முடியும். இந்தக் குரல் இருக்கிற வரைக்கும் சந்தேகம் இருக்குன்னு என்னால எழுத முடியாது." அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு. கலங்கி என்ன பிரயோஜனம்?

வெளிய வந்தப்ப ஹேமலதாம்மா என் கையைப் புடிச்சாங்க. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் ரித்திகா. தெருவுக்குத் தெரிஞ்சா அவரை உயிரோட விட மாட்டாங்க." அவங்க சொன்னது நெஜம். அவங்க முகத்துல ஒரு நிம்மதி இருந்ததும் நெஜம். வீடு தப்பிச்ச நிம்மதி. அதை மறைக்க எவ்ளோ பாடுபட்டாங்கன்னும் பார்த்தேன். அவங்க மேல கோபம் வரலை. எல்லாக் கோபமும் வேற ஒரு ஆளுக்கு எடுத்து வெச்சிருந்தேன்.

ரயில்ல வர்ற வழி முழுக்க என்னென்ன கேக்கணும்னு ஒத்திகை பார்த்துக்கிட்டே வந்தேன். கேக்கக் கூடாத வார்த்தை எல்லாம் அதுல இருந்துச்சு. பழங்குளத்துல இறங்குனப்ப அவரு பெஞ்சுல இருந்து எந்திரிச்சு நின்னு என்னையே தேடிட்டு இருந்தாரு.

"என்ன சொன்னாங்க? சரி பண்ணிட்டாங்களா?"

"அது கிடக்கட்டும். நீ செவிகிட்ட என்ன சொன்ன?"

அவரு அப்படியே உக்காந்துட்டாரு. ஒரு ரயில் வந்து நின்னு, ஜனம் இறங்கி ஏறி, போயிடுச்சு.

"கேட்டுட்டியா?"ன்னாரு.

"கேட்டேன். நல்லா காது குளிரக் கேட்டேன்."

"தப்பா நினைக்காத ரித்து. நீங்க எல்லாரும் அடுக்குன்னுதான் சொல்லப் போறீங்க. அதுதான் ஜெயிக்கும்னு எனக்குத் தெரியும். நாமும் அங்கதான் போய் இருக்கப் போறோம்னு தெரியும். ஆனா அந்தப் பொண்ணு, மனசுல இருக்கிறதைச் சொல்லுங்கன்னு கேட்டுச்சா… சஞ்சய் என் பக்கத்துலதான் விழுந்தான். அதைக் கட்டப் போற பசங்க மூஞ்சி எல்லாம் எனக்கு முன்னாடி வந்து நின்னுச்சு. சும்மா வாயை மூடிட்டு அதுல போய்க் குடியிருந்தா சோறு எறங்காதுன்னு தோணுச்சு. ஒரு ஆள் சொல்றதால ஒண்ணும் ஆகப் போறதில்லை, மனசுக்காகச் சொல்லிட்டுப் போயிடலாம்னுதான்…"

"இன்னும் பொறக்காத பில்டிங்குல வேலை செய்யப் போற எவன் எவன் மூஞ்சியோ வந்துச்சு. என் மூஞ்சி வரலையா உனக்கு?"

அதைக் கேட்டதும் உடைஞ்சுட்டாரு. ஆம்பளை, பிளாட்பாரத்துல, அத்தனை பேரு பார்க்க. எனக்கும் அழுகை வந்துச்சு. அழுகையை விட ஆத்திரம் ஜாஸ்தியா வந்துச்சு. என்னைத் தனியா விட்டுட்டுப் போறதுக்கு அவரே வழி பண்ணி வெச்சிருக்காரேன்னு. இவரு சொன்னது நியாயம்னு ஒரு பக்கம் தோணுறது அதை விட எரிச்சலா இருந்துச்சு.

கண்ணைத் துடைச்சுக்கிட்டு, சின்னக் குரல்ல கேட்டாரு. "ரித்து, உண்மையைச் சொல்லு. நான் சொன்னதாலயா தோத்துச்சு? என் ஒருத்தனாலயா?"

ஆமான்னு சொல்ல வாயைத் தொறந்தேன். அதுக்குத்தானே ஒத்திகை எல்லாம் பார்த்துட்டு வந்தேன்.

செங்காட்டுல பெஞ்சும் கிடையாது, ரயிலும் கிடையாது. ஷீட்டு வீடு, சுத்தி ஒரு மரம் கூட இல்லைன்னு போய்ப் பார்த்துட்டு வந்தவங்க சொன்னாங்க. இந்தக் கோடையை அவரு தாண்டுவாருன்னு நான் நினைக்கலை. நினைக்கிற மாதிரி நடிக்கவும் எனக்குத் தெம்பில்லை. தீபிகாவும் அவ பையனும், மத்த மாடிக்காரங்க அத்தனை பேரும் தன் ஒரு வார்த்தையிலதான் தெருவை விட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சா, வெயில் வர்ற வரைக்கும் கூட இருக்க மாட்டாரு.

"ஆமா, பெரிய கவர்னரு," அப்படின்னேன். "தெருவே ஒரு பக்கம் கத்துனாலும், ஐயா ஒருத்தர் சொன்னதை வெச்சுத்தான் கவர்மெண்டு முடிவு பண்ணுச்சு. நினைப்பைப் பாரு. போய்யா."

அவரு என் முகத்தையே பார்த்துட்டு இருந்தாரு. அப்புறம் மெல்ல சிரிச்சாரு.

"அதானே," அப்படின்னாரு. "நான் கூட பயந்துட்டேன்."

அந்த பெஞ்சுலயே என் தோள்ல சாஞ்சு, எத்தனையோ நாள் கழிச்சு நல்லாத் தூங்குனாரு. செங்காட்டுக்குப் போற லாரி வெள்ளிக்கிழமை வருது.